கடற்கரையிற் கிடைத்த சிநேகம்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயார் எமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய தமக்கையாரின் மகள் இலண்டனிற் பிறந்து வளர்ந்தவள்; வருகிற மார்கழி விடுமுறைக்குத் தோழி ஒருத்தியுடன் இங்கு வந்து, காலிப் பக்கத்துக் கடற்கரையிற் பத்து நாள் தங்கப்போகிறாளாம். "பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் வழியிற் போகிறவர் யார் சிரித்தாலும் தானும் சிரிப்பாள். பேச்சுக் கொடுத்தாற் பேசிக்கொண்டே நிற்பாள். ஊராரோடு பழகாமல் விடுதிக்குள்ளேயே இருக்கவேண்டுமென்று நீங்கள் ஒரு முறை எழுதினால், பத்திரிகையைக் காட்டி அவளை அடக்கலாம்" என்பது அவரது விண்ணப்பம்.

வாரந்தோறும் இப் பக்கத்திற் புத்திமதிகளைத் தாராளமாக வழங்கிவருகின்ற நாம், இவ்விடத்து மாத்திரம் பேனாவைக் கீழே வைத்துச் சிறிது யோசிக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மையார் கேட்டபடி எழுதுவது எளிது. ஆனால் ஊரார் ஒருவரோடும் பேசுவதில்லையென்று விரதம் பூண்ட ஒரு பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பியிருக்க வேண்டியவர்கள் நாம். அக் கதை எமக்குப் பெருமை தருவதன்று. எனினும் சொல்லத்தான் வேண்டும்.

2023 ஆம் ஆண்டு மார்கழியில், தொரன்ரோவிலிருந்து எமது தமையனாரின் மகள் வந்திருந்தாள். நாமும், இல்லாளும், அப் பெறாமகளும், சின்னம்மாவுமாக நால்வர் காலிக்குப் புறப்பட்டோம். மே முதற் செப்டெம்பர் வரை சோளகக் காற்றினாற் கொந்தளிக்கும் தென்மேற்குக் கடல் மார்கழியிற் சாதுவாகிவிடும். உல்லாசப் பயணிகள் அக் காலத்தில் அங்கே மொய்ப்பது அதனாலேதான். சின்னம்மாவை அழைத்துச் சென்றதற்கு ஒரு காரணம் உண்டு. அவருடைய தகப்பனார் புகையிரத நிலைய அதிபராய் இருந்தவர். அந்நாளிலே தென்கரை நிலையங்கள் பலவற்றில் எம்மவரே அதிபர்களாயிருந்தனர். சின்னம்மாவின் பாலிய வயது அப் பக்கத்தில் நிலைய விடுதிகளிற் கழிந்தமையால், எழுபத்தாறு வயதிலும் சிங்களம் அவருக்குத் தாய்மொழிபோல வரும். எமக்கோ கந்தோர்ச் சிங்களம் மாத்திரமே தெரியும்.

இரண்டாம் நாட் காலை, ஒல்லாந்தர் கட்டிய கோட்டை மதிலின்மேல் நடந்துகொண்டிருந்தோம். கொடிப் பாறை எனப்படும் மூலையிலிருந்து சில இளைஞர் காசுக்காகக் கடலிற் குதித்துக் காட்டுவார்கள். பார்த்தோம், கொடுத்தோம். அது நேர்மையான தொழில். இன்னதற்கு இன்ன கூலியென்று முதலிலேயே சொல்லுகிறவனிடத்து ஏமாற்றம் ஏது?

அப்பொழுது, வெள்ளைச் சட்டை அணிந்த, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் புன்னகையுடன் எதிரே வந்தார். "என்னைத் தெரியவில்லையா? உங்களுடைய ஹோட்டலிற் சமையற்காரன் நான். இன்று எனக்கு லீவு" என்று ஆங்கிலத்திற் சொன்னார். சீருடையில்லாமற் பார்த்தபடியால் அடையாளம் தெரியவில்லைப் போலும் என்று எமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம். அது மாத்திரமா? முகத்தை மறந்துவிட்டோமே என்று வெட்கமும் அடைந்தோம். அவ் வெட்கத்தைத் தீர்ப்பதற்காக விடுதியின் பெயரை நாமே சொன்னோம். எத்தனை நாள் தங்குகிறோம் என்பதையும் சொன்னோம். பிள்ளை கனடாவிலிருந்து வந்தவள் என்பதைச் சற்றுப் பெருமையோடே சொன்னோம். பிற்பாடு நினைத்துப் பார்க்கையில், எம்மைப்பற்றி அவர் அறிந்தவையெல்லாம் நாமே வாரிக் கொடுத்தவை என்பது விளங்கிற்று. "உங்களுடைய ஹோட்டல்" என்பதற்கு மேல் அந்த மனிதருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

சின்னம்மா சிங்களத்தில் அவரைக் கேட்டார்: "மகனே, நேற்று இரவு விருந்தினருக்கு என்ன கறி ஆக்கினாய்?"

"அம்புல்தியல், அம்மே" என்றார் அவர், சற்றும் தயங்காமல்.

சின்னம்மா எம் கையைக் கிள்ளினார். "தம்பி, நாங்கள் இருக்கிற இடத்திலே இரவிலே அடுப்பே மூட்டுகிறதில்லையே" என்று தமிழில் முணுமுணுத்தார். உண்மைதான், அது காலை உணவு மாத்திரம் கொடுக்கும் சிறு விடுதி. ஆனாற் படித்தவர்களாகிய நாம் என்ன செய்தோம்? "சும்மா இருங்கள், சின்னம்மா, மனிதருடைய மனம் நோகும்" என்றோம்.

மனம் நோகாத அம் மனிதர், இன்று மத்தியானம் வரை மாத்திரம் இரத்தினக்கற் சந்தை ஒன்று நடக்கிறதென்றும், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு வரியில்லையென்றும், பன்னிரண்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள் என்றும் கூறினார். முச்சக்கர வண்டி ஒன்று எங்கிருந்தோ வந்து நின்றது. சந்து பொந்தெல்லாம் சுற்றி ஒரு கடையில் இறங்கினோம். தேநீர் வந்தது, கறுப்பு வெல்வெட்டில் நீலக்கற்கள் வந்தன. "கனடாவில் இதை மூன்று மடங்குக்கு விற்கலாம்" என்று பிள்ளையின் காதில் ஓதினார்கள். 45,000 ரூபா கொடுத்து ஒரு கல் வாங்கினாள். வண்டிக் கூலி வேறு 4,000 ரூபா. மாலையில் விடுதிச் சொந்தக்காரரிடம் அவருடைய சமையற்காரரைப் புகழ்ந்து நாம் பேசியபோது, அவர் எம்மை இரக்கத்தோடு பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. அவரிடம் இருந்தவர் ஒரே சமையற்காரர். அவரும் ஒரு பெண்.

கொழும்புக்குத் திரும்பிய பின்னர், செட்டியார் தெருவில் எமக்குப் பழக்கமான ஆசாரியார் அக் கல்லை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துக் காட்டினார். உள்ளே வளைந்த கோடுகள் தெரிந்தன. நடுவே நுண்ணிய குமிழிகள். பூமியில் விளைந்த நீலத்தில் அவ்வாறு வளைகோடுகள் இரா. உலையில் உருக்கி வார்த்த செயற்கை நீலத்துக்கே அவை உரியன. தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபையிலும் கற்களைப் பரிசோதித்துச் சொல்லுவார்கள். ஆனால் வாங்குவதற்கு முன் கொண்டுபோனாலன்றோ பயன்! பன்னிரண்டு மணிக்குப் பூட்டுகிற சந்தையில் அதற்கு அவகாசம் ஏது?

இதே வித்தையைக் காலிமுகத் திடலிற் கண்டவர்களும் நேயர்களிடையே இருக்கக்கூடும். அங்கே கல்லுக்குப் பதிலாக, "இன்றைக்கு மாத்திரம் விகாரையில் யானைப் பெரஹெர" என்பார்கள். கண்டி வாவிக் கரையில் வேறொரு விசேடத்தைச் சொல்லுவார்கள். சரக்கு மாறும், "இன்றைக்கு மாத்திரம்" என்பது மாறாது.

நட்டப்பட்டது பணம் மாத்திரமாயின் இதனை இங்கு எழுதியிருக்கவே மாட்டோம்.

அன்றிரவு பெறாமகள் அழவில்லை, கோபித்தாள். "சித்தப்பா, இனி நான் இங்கே ஒருவரோடும் பேசப்போவதில்லை" என்றாள். நாமும், வெட்கத்தினால், "அதுதான் புத்தி" என்றோம். மறுநாள் கொக்கலைப் பக்கத்திற் கடலில் நட்ட கம்பங்களின்மேல் இருந்து தூண்டில் போடும் மீனவரைப் பார்க்கச் சென்றோம். படம் எடுத்தாற் காசு கேட்பார்கள்; அதுவும் ஒளிவு மறைவில்லாத கூலிதான். பிள்ளையோ, கிழவர் ஒருவர் வணக்கம் சொன்னதற்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான்காம் நாட் காலை, காலிக்குக் கிழக்கே அதிகம் பெயர் கேள்விப்படாத ஒரு சிறு கடற்கரைக்குப் போனோம். காவலர் கோபுரம் இல்லை, கொடியும் இல்லை. இரு பக்கத்திலும் திரைகள் வெண்ணுரையாக உடைந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு பாகம் மாத்திரம் திரையே இல்லாமற் குளம்போற் கிடந்தது. நீந்தத் தெரிந்த பிள்ளை, இயல்பாக அவ்விடத்தையே தெரிந்தாள். கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து நின்று, "நங்கி! அங்கே வேண்டாம்!" என்று கை காட்டிக் கூவினார். இவள் அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இன்னொருவர் தொடங்கிவிட்டார்" என்று எமக்குச் சொல்லிக்கொண்டே நீரில் இறங்கினாள்.

அமைதியாய்க் கிடந்த அந்தப் பாகமே ஆபத்தான பாகம். திரைகள் மணல் மேட்டைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் நீர், எங்காவது ஒரு வழியாய்த் திரும்பிப் போகவேண்டுமல்லவா? மேட்டின் இடையே உள்ள பள்ளத்தால் அவ்வளவு நீரும் ஒருங்கே கடலுக்குள் ஓடும். ஓடும் நீரின்மேல், அதுவும் ஆழமான இடத்தில், திரை உடையாது. அறியாதவர் கண்ணுக்கு அது நீராடத் தக்க துறைபோலத் தோன்றும். அந்த ஓட்டத்தை எதிர்த்துக் கரை நோக்கி நீந்துகிறவர், எத்துணை வல்லவராயினும், விரைவிற் களைத்துப்போவர்.

பெறாமகள் எதிர்த்துத்தான் நீந்தினாள். நாம் கரையில் நின்று, வா வா என்று கையசைத்து அவளை மேலும் களைக்கச் செய்தோம். எம் கண்முன்னே அவளுடைய தலை சிறிதாகிக்கொண்டே போயிற்று. இல்லாளுடைய குரல் மாத்திரம் இன்னும் காதில் இருக்கிறது.

வலை பழுது பார்த்த மனிதர் எம்மைத் தள்ளிக்கொண்டு ஓடினார். முன்பு அவமதிக்கப்பட்டவர் என்பதை அவர் நினைத்ததாகவே தெரியவில்லை. காற்றடைத்த கறுத்த ரயர்க் குழாய் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த ஓட்டத்தினாலேயே இழுபட்டுச் சென்று அவளை அணுகினார். பிறகு கரைக்கு நேரே வரவில்லை. கரைக்குச் சமாந்தரமாய்ப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்தின் அகலத்தைக் கடந்து, திரைகள் உடையும் இடத்தை அடைந்து, அத் திரைகளே கொண்டுவந்து தள்ளும்படி விட்டார். ஏறக்குறைய இரு நூறு யார் தள்ளிக் கரையேறினார்கள். பிள்ளை மணலில் விழுந்து உப்பு நீரைக் கக்கினாள். அவர் தமது சாரத்தைப் பிழிந்துகொண்டு, "நான் சொன்னேனே, நங்கி" என்றார். அவ்வளவுதான்.

நாம் சட்டைப் பையிற் கையை விட்டோம். சின்னம்மா எம் கையைப் பிடித்தார், இம்முறை கிள்ளவில்லை. அவர் அம் மனிதரைத் தம் அருகே இருத்தி, தமது வழக்கமான விசாரணையைத் தொடங்கினார். எந்த ஊர், தகப்பன் பெயர் என்ன, தாய் எவ்விடத்தாள், பிள்ளைகள் எத்தனை, எந்தப் பள்ளிக்கூடம், எந்த விகாரை. ஊரிலே வாசற்படி ஏறுகிறவரையெல்லாம் அவர் இப்படித்தான் கேட்பார். இளையவர்கள் "பாட்டியின் குடிசன மதிப்பு" என்று சிரிப்போம். அன்றைக்குத்தான் அக் கேள்விகளின் பயன் எமக்கு விளங்கிற்று. வலைக்காரர் ஒவ்வொன்றுக்கும் ஆறுதலாக, சில இடங்களில் யோசித்து, சில இடங்களில் அலுத்துக்கொண்டு விடை சொன்னார். இடையிற் போன இருவர் நின்று, தாமும் ஒன்றிரண்டு சேர்த்தார்கள்; ஒரு பையன் அவரைப் பெரியப்பா என்றழைத்தான். கோட்டை மதிலில் வந்தவரோ, ஒரே ஒரு கேள்விக்கு மின்னல் வேகத்தில் விடை கொடுத்தவர். அவரை அறிந்தவர் ஒருவரும் வழியில் எதிர்ப்பட்டதில்லை.

அன்று மாலை நால்வரையும் தம் வீட்டுக்கு அழைத்தார். மனைவி வெறுந் தேநீரும் கித்துட் கருப்பட்டியும் தந்தார். சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் மங்கிய கோடொன்று தெரிந்தது. 26.12.2004 அன்று கடல் வந்து நின்ற அடையாளம். பெரேலியாவிலே புகையிரதத்தோடு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அள்ளுண்டு போன அதே காலை. தம் தாயாரை அன்றைக்கு இழந்த அவ் வீட்டார், உடுத்த துணியும் இல்லாமல் நின்ற வெள்ளைக்கார விருந்தினர் இருவருக்குச் சாரமும் சோறும் கொடுத்து மூன்று நாள் வைத்திருந்தார்களாம். இதைச் சொன்னவர் மனைவி. கணவர் வெளியே போய்விட்டார்.

இப்பொழுது வெள்ளவத்தைத் தாயாருக்கு நாம் என்ன சொல்வது? 2024 ஆம் ஆண்டில் மாத்திரம் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டார் இந்நாட்டுக்கு வந்து போயினர். அவர்கள் பழகிய ஊரார் எல்லாரும் கோட்டை மதிலாரும் அல்லர்; எல்லாரும் வலைக்காரரும் அல்லர். இவ்விருவருக்கும் இடையே நாம் கண்ட வேறுபாடு ஒன்று உண்டு. முன்னவர் எம்மை எமது வழியிலிருந்தும் எமக்குத் தெரிந்தவர்களிடமிருந்தும் பிரித்துக்கொண்டு போனார். பின்னவர் தம்முடைய மனிதரிடத்துக்கு எம்மை அழைத்துப் போனார். பிள்ளைக்கு இதை மாத்திரம் சொல்லி வையுங்கள், அம்மா. புதுச் சிநேகிதர் ஒருவர் எங்கே அழைத்தாலும், "விடுதிக்காரரிடம் சொல்லிவிட்டு வருகிறேன், தோழியும் வருவாள், நாளைக்குப் போவோம்" என்று சொல்லட்டும். நல்லவராயின் நாளைக்கும் அங்கேதான் இருப்பார்.

சிறு விஷயங்கள் சிலவும் உண்டு. தங்கும் அறையின் இலக்கத்தை ஒருவருக்கும் சொல்லவேண்டியதில்லை. மற்றவர் அமர்த்திய வண்டியில் ஏறாமல், விடுதியிலிருந்தோ கைத்தொலைபேசியிலோ தாமே அழைத்த வண்டியில் ஏறுவது நன்று. கூலியும் முன்கூட்டியே தெரியும். முதற் சந்திப்பு பகலில், நாலு பேர் இருக்கும் கடையில் இருக்கட்டும்; தன் தேநீருக்குத் தானே காசு கொடுக்கட்டும். கண்முன் திறவாத போத்தலிலிருந்தும், மேசையில் விட்டுச் சென்று திரும்பி வந்த குவளையிலிருந்தும் குடிக்கலாகாது. கடற்கரையிற் சில இளைஞர் கஞ்சா நீட்டுவார்கள்; வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்க்கும் அது இங்கே குற்றமே. அதன் பின்னாலேயே பயமுறுத்திப் பணம் பறிக்க இன்னொருவர் வருவதும் உண்டு. கடவுச்சீட்டைப் பூட்டி வைத்து, அதன் பிரதியைக் கொண்டு திரியலாம். இன்னல் நேரிட்டால் 119 பொலிசார், 1912 உல்லாசப் பயணிகளுக்கானது, 1938 பெண்களுக்கானது, 1990 நோயாளர் வண்டி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். காவல் விருந்தினருக்கு மாத்திரம் உரியதன்று. கரையிற் சுற்றித் திரியும் சிறுவர்களுக்கு இனிப்பும் காசும் கொடுத்து, படம் எடுத்து, அறைக்கும் அழைத்துச் செல்லும் விருந்தினர் உண்டு; எல்லாரும் அன்பினால் அழைப்பதில்லை. தென்கரை இதனாற் பட்ட துன்பம் பெரிது. 1998 இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டம் வந்தது. ஐயத்துக்கிடமான எதையாவது கண்டால் 1929 என்னும் இலக்கத்துக்குச் சொல்லலாம். உங்கள் பெறாமகள் நல்ல எண்ணத்தோடு ஒரு பிள்ளைக்கு எதையேனும் கொடுக்க விரும்பினால், தாயின் கையிற் கொடுக்கட்டும். தாயோடு பழகுவதற்கு அது ஒரு வழியுமாகும்.

நாம் வாங்கிய நீலக்கல், சின்னம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருக்கிறது. யாராவது எம்மைப் புத்திசாலி என்று புகழ்ந்தால், அவர் அதை எடுத்து மேசைமேல் வைப்பார்.

வலைக்காரருடைய விலாசத்தை வெள்ளவத்தைத் தாயாருக்குத் தனியே தபாலில் அனுப்பியிருக்கிறோம். அங்கே கடலில் எவ்விடத்தில் இறங்கலாம், எவ்விடத்தில் இறங்கலாகாது என்று பிள்ளை முதலில் அவரைக் கேட்டுக்கொள்ளட்டும். போகும்போது பனங்கட்டிக் குட்டான் ஒன்று கொண்டுபோகச் சொல்லுங்கள். கித்துட் கருப்பட்டியை விட அதுவே நல்லதென்று அவர் மனைவி ஒப்புக்கொண்டுவிட்டார். அவர்தாம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.